தலைவர் கையெழுத்திட வேண்டிய இடம்

சிட்லபாக்கம்,
16.7.1991

அன்பிற்குரிய கிபாயத்துல்லா பாய் அவர்களுக்கு,

பட்டாபிராமன் எழுதுவது. அங்கே உங்கள் வீட்டம்மா ஜஹானாரா அவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் மகன் போனில் சொன்னாராம். நம் துணைத் தலைவர் ஏகநாதன் வந்து சொன்னார். அன்று ராத்திரிதான் எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கியது. இங்கே இரண்டு நாளாக மழை. ஏரிப் பக்கத் தெருவெல்லாம் சேறு. உங்கள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கதவு ஊறிப்போய்த் திறக்க மறுக்கிறது, மற்றபடி பத்திரம்.

சங்கத்தின் பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அங்கே நடந்ததை மற்றவர்கள் உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிட வேண்டும்.

நம் சீசன் டிக்கெட் பயணிகள் சங்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். விதித் திருத்தம் என்று நோட்டீஸ் போட்டால் ஐம்பது பேர் வருவார்கள் என்று நீங்களும் நானும் நினைத்தோம். வந்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போதாமல் பலர் கடைசிவரை நின்றார்கள்.

தீர்மானம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் ஒரு பதவியில் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. செயற்குழுவைத் தாம்பரத்தில் கூடிக் கைதட்டித் தேர்ந்தெடுக்கிற வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனும் ஓட்டுப் போட்டுத் தன் பிரதிநிதியை அனுப்ப வேண்டும். மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். பதினாலு வருஷம் சங்கத்தை நடத்தியவன் ஊரில் இல்லாதபோது இதை எடுக்க வேண்டாம், வரும்வரை தள்ளி வையுங்கள் என்று நீங்கள் கேட்டிருந்ததை எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அதன் பிறகு நான் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். அப்படித்தான் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்போது கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த பியூலா என்ற பெண் எழுந்தார். கிண்டியில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. சத்தம் போடாமல்தான் பேசினார்.

"தலைவர் மேல எங்களுக்குக் கோபம் இல்ல சார். ஏழு இருபது வண்டிய ஏழு முப்பத்தஞ்சுக்கு மாத்தச் சொல்லி சங்கம்தான் லெட்டர் குடுத்துச்சு. தாம்பரத்துக்காரங்களுக்கு அது வசதி. எங்க கம்பெனில எட்டரைக்கு கேட்ட சாத்திடுவாங்க. தெனம் லேட்டாகி, தோ இந்தப் பேபிக்கு வேலையே போயிடுச்சு. லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்தர கேட்டீங்களா?"

பேபி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டே இருந்தார்.

அந்த லெட்டரை டைப் அடித்தவன் நான், கையெழுத்திட்டவர் நீங்கள். ஒன்பது பேர் கொண்ட நம் செயற்குழுவில் கூடுவாஞ்சேரி ஆள் ஒருவரும் கிடையாது, பெண்ணும் கிடையாது. அவர்களை ஒதுக்க வேண்டும் என்று நாம் நினைத்ததில்லை. அவர்கள் ஞாபகமே நமக்கு வரவில்லை.

கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். நான் தூக்கினேன் பாய், தீர்மானத்துக்கு ஆதரவாக. முன்வரிசையில் இருந்த நம் செயற்குழு தட்சிணாமூர்த்தி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னும் பலர். விதித் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதற்கு நானூற்றெட்டு போதும். எண்ணி முடித்தபோது நானூற்று நாற்பத்து மூன்று.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்களிடம் சொல்ல என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. வாக்கெடுப்புக்கு முன், ரயில் மறியல் நாளில் நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து முப்பது பேரை வெளியே கொண்டு வந்ததை ஏகநாதன் எடுத்துச் சொன்னார். கூட்டம் வெகுநேரம் கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிறகு கையும் தூக்கினார்கள்.

புது விதி என்னையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்புகிறது. பதினொரு வருஷம் செயலாளராக இருந்தாயிற்று. மினிட் புத்தகத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன். தேர்தல் செப்டம்பரில். பியூலா நிற்கிறார். வண்டி நேரத்தைப் பழையபடி ஆக்கக் கேட்டு நேற்று ஒரு மனு தயார் செய்தோம். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். பெண்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கிறது என்பதுகூட இத்தனை வருஷம் எனக்குச் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது.

புது விதியைப் பதிவு செய்யப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தர வேண்டிய படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி போட்டிருக்கிறேன். தலைவர் வெளியூரில் இருந்தால் துணைத் தலைவரே போடலாம், விதியில் இடமிருக்கிறது என்றார் ஏகநாதன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் போடலேன்னா?" என்று கேட்டார். "அதையும் அவரே சொல்லட்டும்" என்றேன்.

போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். மனம் வராவிட்டால் அப்படியே திருப்பி அனுப்புங்கள், நான் யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே ஒரு தாளில் என்னைத் திட்டியாவது எழுதுங்கள். மகனை விட்டு ஏகநாதன் வீட்டுக்குப் போன் செய்யச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் கைப்பட எழுதியது என் விலாசத்துக்கு வர வேண்டும்.

ஜஹானாரா அம்மா பூரண குணமடைந்து, நீங்கள் இருவருமாகச் சென்ட்ரலில் வந்து இறங்க வேண்டும். என்ன தேதி, என்ன வண்டி என்று மட்டும் தெரிவியுங்கள். வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும் பெட்டி தூக்க நான் வருவேன்.

தங்கள்,
பட்டாபிராமன்