டோர்ச்சில் தெரிந்த கறுப்பு

செவ்வாய், ஆடி 1996

கரைத்தீவு அகதி முகாமிலிருந்து வந்த ஹாஜராவின் மார்பு வீக்கத்தில் டாக்டர் நேற்று டோர்ச் அடித்தார். சிவப்பாக ஒளிர்ந்தது. "சிவப்பெண்டா தண்ணி. கறுப்பெண்டாத்தான் யோசிக்கோணும்" என்று அவளிடமே சொன்னார்.

இன்று ஒப்பரேஷன் தியேட்டரில் விளக்கை அணைக்கச் சொல்லி, வெட்டியெடுத்த நீர்ப்பையை அதே டோர்ச்சுக்கு முன்னால் பிடித்தார். ஓரத்தில் புளியங்கொட்டை அளவு கறுப்பு. மார்பில் அந்த இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெட்டினார். புற்றா என்று பார்க்கத் துண்டு கொழும்புக்குப் போகிறது. முடிவு வர ஒரு மாதமாகும்.

பின்னேரம் மயக்கம் தெளிந்ததும் ஹாஜரா என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், லைட் அடிச்சுப் பாத்தாங்களா? சிவப்புத்தானே?"

"ஓம்" என்றேன். முக்கால்வாசி சிவப்புத்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினாள்.

டாக்டரே சொல்லட்டும் என்று ஏன் விடவில்லை? காலையில் அவளுக்குக் கட்டு மாற்றும் தாதி நான்தான்.