முதல் கட்டத்தில் அப்பா பெயர்

ஜூன் 3, செவ்வாய்

மழை. நனைந்துகொண்டே வேலைக்குப் போனேன், நனைந்துகொண்டே அறைக்கு வந்தேன். என் மழைக்கோட்டு அப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எட்டு மாதமாகத் தொங்குகிறது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். போக மாட்டேன்.

கூரியர் ஆபீஸில் இன்று திரும்பி வந்த கவர்கள் நாற்பத்தொன்று. திரும்பி வந்ததற்குக் காரணச் சீட்டு ஒட்டுவது என் வேலை. மொத்தம் நாலே காரணம்தான். கதவு பூட்டியிருந்தது. முகவரி மாறிவிட்டார். வாங்க மறுத்தார். அப்படி ஒருவர் இல்லை.

முதலாளிக்கு நான் வைத்த பெயர் பசை. ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். அவர் எனக்கு வைத்த பெயர் 'காலேஜ்'. இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் வைக்க முடியும்?

ஜூன் 4, புதன்

இன்று என்னிடம் பேசியவர்கள்: பசை, ஸ்கூட்டரில் டெலிவரிக்குப் போகும் அக்கா, பஸ் கண்டக்டர். கண்டக்டர் சொன்னது, "உள்ள தள்ளி நில்லு."

ஜூன் 6, வெள்ளி

மதியம் பார்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன். புது நம்பர். அப்பா பெயரைச் சொல்லி, "சார் இருக்காரா?" என்றான் ஒருவன். அவர் என் அப்பா, நீங்கள் யார் என்று கேட்டேன். கோர்ட் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாம். அப்பா மேல் கடன் வழக்காம். அவர் போனை எடுக்கவில்லையாம், அதனால் வீட்டாரைக் கூப்பிடுகிறானாம்.

என்ன கடன் என்று கேட்டேன். "உனக்கே தெரியுமேம்மா," என்றான்.

தெரியும். என் காலேஜ் பீஸுக்கு வாங்கியது.

நேரில் வந்து கையில் கொடுப்பானாம். அப்பா வேலை செய்யும் இடமே தெரியுமாம். ஸ்கூலுக்கா வருவீங்க என்று கேட்டேன். "ஆமா, ஸ்கூலுக்குத்தான். எல்லார் முன்னாடியும் குடுக்க வேண்டியிருக்கும். எனக்கே சங்கடமா இருக்கு." அப்பா ஓட்டுவது ஸ்கூல் பஸ். காலையில் பிள்ளைகள் இறங்கும்போது, டீச்சர்கள் நிற்கும்போது, கேட்டில் ஒருவன் கோர்ட் காகிதத்தோடு... வேலை போய்விடும். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர்.

வந்தால் நிறுத்த முடியாதாம். வருவதற்குள் 'வசூல் பிரிவு'க்குப் பேசினால் ஒருவேளை நிறுத்தலாமாம். ஒரு நம்பர் கொடுத்தான். வைக்கும்போது, "பயப்படாதம்மா," என்றான்.

எட்டு மாதமாக யாரும் என்னை 'ம்மா' போட்டுக் கூப்பிடவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன்? தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 7, சனி

அப்பாவையே கேட்டுவிடலாம். எப்படி? கடைசியாகப் பேசியபோது, "உனக்காகத்தானே கையெழுத்துப் போட்டேன்," என்றார். "நான் போடச் சொன்னேனா?" என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை யார் முதலில் வைத்தோம் என்பதுகூட ஞாபகம் இல்லை.

அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டியிருப்பாள்.

மூன்று தடவை அவர் நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை. எடுத்தவுடன் என்ன கேட்பேன்? 'என்னால உங்க மேல கேஸாமே, உண்மையா'ன்னா? ச்சீ.

ஜூன் 9, திங்கள்

வசூல் பிரிவுக்குப் போன் செய்தேன். இது வேறு ஆள், கனத்த குரல், 'ம்மா' எல்லாம் கிடையாது. இன்றைக்கே ஒரு பகுதி கட்டினால் சம்மன் நிற்குமாம். யாரிடமும் சொல்லக் கூடாதாம், சொன்னால் வழக்கு கெட்டுவிடுமாம். அறை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் அனுப்பினேன். பணம் போனது ஏதோ ஒரு ஆளின் போன் நம்பருக்கு. ரசீது கேட்டேன். பின்னால் வரும் என்றான்.

இந்த அறையிலேயே இருக்கலாம். ஜன்னல் இல்லாவிட்டால் என்ன, பார்க்க வெளியே யார் இருக்கிறார்கள்?

மனசு லேசாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்கு ஒன்று செய்துவிட்டேன். தெரிந்தால் என்ன சொல்வார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். என் ஸ்டாப்பில் இறங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ரசீது வரவில்லை.

ஜூன் 11, புதன்

முதல் ஆள் மறுபடி கூப்பிட்டான். "எப்படிம்மா இருக்கே?" என்று ஆரம்பித்தான். நானும் நல்லாருக்கேன்னு சொன்னேன் பாரு. சம்மன் கொண்டுவருகிறவனிடம் நலம் விசாரித்துக்கொண்டு நிற்கிறேன்.

கட்டியது அசலுக்குப் போய்விட்டதாம். கோர்ட் செலவு தனியாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கட்டாவிட்டால் சனிக்கிழமை ஸ்கூல் கேட்டில் நிற்பானாம். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இது உண்மை என்று எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டேன். கோபமே படவில்லை. "எழுதிக்கோம்மா," என்று கேஸ் நம்பர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் மடமடவென்று படித்தான். கையில் கிடைத்த காரணச் சீட்டின் பின்பக்கம் கிறுக்கிக்கொண்டேன். ஒரு அதிகாரியின் குரல் அப்படித்தானே இருக்கும்? நிதானமாக.

வெள்ளிக்கிழமைக்குள் பணத்துக்கு எங்கே போவேன்? பசையிடம் முன்பணம் கேட்கவேண்டியதுதான்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பசையிடம் முன்பணம் கேட்டேன். எதற்கு என்றார். சொந்த விஷயம் என்றேன். சொந்த விஷயத்துக்குப் பாதிச் சம்பளம்தான் தருவேன், கோர்ட் விஷயம் என்றால் முழுசாகத் தருவேன் என்று சும்மா ஜோக் அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் அவர் விடவில்லை. பசை ஆயிற்றே. எல்லாம் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றானே, அதையும் சொன்னேன்.

ஸ்கூட்டர் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஒரு நாளைக்கு எழுபது வீடு ஏறி எறங்குறேன். வர்றேன்னு எவனுக்காச்சும் முன்னாடியே போன் போட்டு, வராம இருக்கணும்னா காசு குடுன்னு கேட்டிருக்கேனா?" என்றாள். "கேட்டா நல்லாத்தான் இருக்கும். பெட்ரோல் மிச்சம்."

பசை சிரிக்கவில்லை. "சம்மன் குடுக்கிறவனுக்கு நீ வாங்கினாலும் அதே சம்பளம், வாங்க மறுத்தாலும் அதே சம்பளம். வாங்கலைன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பான். அவன் எதுக்கு, காலேஜ், உன்கிட்ட கெஞ்சிட்டு இருக்கான்?"

நாலு காரணச் சீட்டை மாதக்கணக்காக ஒட்டுகிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஆனால் அப்பா பெயர் தெரியுமே, ஸ்கூல் தெரியுமே, கடன் தெரியுமே என்றேன். பிறந்த தேதிகூடத் தெரியும் என்று சீட்டை எடுத்து நீட்டினேன். பசை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு இருபத்தொரு வயசா?"

பிடுங்கிப் பார்த்தேன். அது என் பிறந்த தேதி. நாள், மாதம், வருடம், மூன்றும். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதும்போது காது மட்டும்தான் வேலை செய்திருக்கிறது.

ஆள் பெயராக அப்பா பெயரும் பிறந்த தேதியாக என் தேதியும் இருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். காலேஜை விட்ட வாரம் வேலை தேடி ஒரு இணையதளத்தில் பதிந்தேன். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம். நமக்கு இனிஷியல்தானே முதலில் வரும்? முதல் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன், இரண்டாவதில் என் பெயரை. அன்றிலிருந்து அந்த இணையதளம் எனக்கு அனுப்பும் மின்னஞ்சல் எல்லாம் அப்பா பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கும். எனக்குச் சிரிப்பாக இருந்தது, மாற்றவில்லை. அங்கே பதிந்தவர்களின் பட்டியல் எப்படியோ இவன்கள் கைக்குப் போயிருக்கிறது.

அவன் அப்பாவைத் தேடவே இல்லை. என்னைத்தான் தேடினான். என் பெயர் என்று நினைத்துத்தான் அப்பா பெயரைச் சொன்னான்.

அப்பா என்று சொன்னது யாரு? நான். கடன்னு அவன் பொதுவாத்தான் சொன்னான், காலேஜ் பீஸுன்னு நெனச்சது யாரு? நான். ஸ்கூல்னு சொல்லிக் குடுத்தது யாரு? நானேதான். அவன் வெறும் தாளை நீட்டினான், நான் ஒவ்வொரு கட்டமா நிரப்பிக் குடுத்தேன். பணத்தையும் வெச்சு.

ஜூன் 13, வெள்ளி

பாங்கில் சொன்னேன். அனுப்பியது திரும்பி வருவது கஷ்டம் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டவர், இந்த வாரம் நீ ஆறாவது ஆள் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா?

நாலு மணிக்குச் சரியாக அந்த முதல் ஆளின் போன் வந்தது. கேஸ் நம்பர் என்ன என்று கேட்டேன். சொன்னான். புதன்கிழமை சொன்னது வேறு. காகிதத்தில் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன், எந்தக் கோர்ட் என்று சொல்லுங்கள், அங்கேயே போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அவன் நிஜக் குரலைக் கேட்டேன். போலீஸோட வருவேன், தெருவில் இழுப்பேன், இன்னும் இங்கே எழுத முடியாதது எல்லாம்.

"வாங்க. கதவு பூட்டியிருக்காது," என்று சொல்லி வைத்துவிட்டேன். நம்பரைத் தடை செய்தேன்.

தைரியமெல்லாம் இல்லை. அப்புறம் பாத்ரூமில் பத்து நிமிடம் நின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

போன் அடிக்கவில்லை. காலையிலிருந்து நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

வெட்கம் கெட்ட உண்மை ஒன்று: இந்தப் பத்து நாளில் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டவன் அந்தத் திருடன் ஒருவன்தான்.

ஜூன் 17, செவ்வாய்

இன்னொன்று குடைந்துகொண்டே இருக்கிறது. கேஸ் பொய். கடன் பொய் இல்லையே. அப்பா நிஜமாகவே கட்ட முடியாமல் இருந்தால்? அதை எனக்கு யார் சொல்வார்கள்?

ஜூன் 18, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், அப்பா பஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

நான் என்றேன். தெரியுது என்றார்.

நேரே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா, யாராவது மிரட்டுகிறார்களா? மாசா மாசம் அஞ்சாம் தேதி கட்டுகிறாராம், ஒரு மாசமும் தவறவில்லையாம், இன்னும் பதினாலு மாசம் இருக்கிறதாம். ஏன் கேட்கிறாய் என்றார். சொன்னேன். பணம் போனதுவரை சொன்னேன். கட்டத்தில் அவர் பெயரை முதலில் போட்டதைச் சொன்னதும் ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"எனக்குக் குடுத்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். உங்க தாத்தாதான் கேஸ்ல மாட்டியிருப்பாரு," என்றார்.

தாத்தா செத்து இருபது வருஷம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அங்க மழையா?" என்றார். மழைதான் என்றேன்.

"அட்ரஸ் சொல்லு," என்றார்.

போனில் யார் கேட்டாலும் விலாசம் சொல்லாதீர்கள் என்று மூன்று நாளாக ஆபீஸுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அறை விலாசத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் இருக்கா என்று கேட்பார். ஆபீஸ் விலாசத்தைச் சொன்னேன். கதவு எண்ணை இரண்டு தடவை.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. பொய். ஆபீஸுக்கு வந்த பார்சல் பை ஒவ்வொன்றையும் நான்தான் கவிழ்த்துப் பிரித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலைப் பையில் மூன்றாவது பார்சல். பழைய காலண்டர் தாளில் சுற்றி, நூல் கட்டி, பஸ் சாவிக்கொத்தில் போடுவது போல அப்பா போடும் இரட்டை முடிச்சு. விலாசத்தில் இனிஷியலை மட்டும் தனியாகப் பெரிதாக எழுதியிருந்தார், யாரும் மாற்றிப் படித்துவிடக் கூடாது என்பதுபோல. அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

பிரிக்காமலே தெரிந்தது. அமுக்கினால் ரப்பர் துணி. மழைக்கோட்டு.

ஸ்கூட்டர் அக்கா கையெழுத்துத் தாளை என் பக்கம் தள்ளினாள். "விதின்னா விதி. போடு," என்றாள். போட்டேன். 'பெறுபவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் மற்றவர்கள் எழுதுவதை எவ்வளவோ படித்திருக்கிறேன். மனைவி, மாமனார், பக்கத்து வீடு.

'தானே' என்று எழுதினேன்.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது மழை இல்லை. இருந்தாலும் போட்டுக்கொண்டு நடந்தேன்.