பின்னால் திருப்பிய நட்டு

திங்கட்கிழமை, ஆவணி 9

துப்பாக்கித் தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் விதி இது. குழலைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கிய பிறகு, அதன் விளிம்பில் உள்ள வெட்டு காஸ் குழாய் நுழையும் துளைக்கு நேராக வராவிட்டால், இன்னும் இறுக்கித்தான் அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது.

சனிக்கிழமை நானே தளர்த்தினேன். முறுக்குவது பிலோமினா அக்காவின் வேலை, நேர் பார்ப்பது என்னுடையது. அக்கா கை கழுவப் போயிருந்தார். எனக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மயிரிழை அளவு பின்னால் திருப்பி, சரிபார்த்ததற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்டால் கோடு போட்டுவிட்டேன்.

இன்று சோதனையில் நட்டின் இறுக்கம் போதாமல் அந்தத் துப்பாக்கி திரும்பி வந்தது. யார் முறுக்கியது என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"நான்தான் சார். சுளுக்கினதுலேர்ந்து கை சரியில்ல. விட்டுட்டேன் போலருக்கு," என்றார் அக்கா.

"அப்ப நாளைலேர்ந்து பேக்கிங் போங்க."

நான் பெயின்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

பஸ்ஸில் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "என்ன காலேஜ் மகாராணி, பேக்கிங் போறது நானு, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறது நீயா?" என்று சிரித்தார். பிறகு வலது கையை விரித்து விரித்து மூடிப் பார்த்தார். உறையூரில் இறங்கும்போது இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நாளை வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொல்லுமுன் அக்காவிடம். அவர் கைக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.