திருப்புளிக்கு ஆர்வம் இல்லையாம்

அன்புள்ள என்னங்க,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். நடுக்கடலில் நீங்கள் இன்ஜினியராக இருக்கும் அந்த எண்ணெய்க் கிணற்று மேடைக்கு லைனும் பாதியில் அறுந்துபோகும். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பள்ளியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அறிவியல், தொழில்நுட்ப வேலைகளில் யாருக்கு எவ்வளவு ஆர்வம் என்று அளக்கிறார்களாம். "இன்ஜினியர் ஆக விரும்புகிறேன்" என்பது போன்ற வரிகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். அதையும் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவில் இடம். நம் மகள், உங்கள் திருப்புளி, எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வகுப்பிலேயே கடைசி.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. போன வாரம்தான் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தாள். சும்மாவா அந்தப் பட்டப்பெயர் வைத்தீர்கள்? நேரே அறிவியல் டீச்சரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். பாவம், நல்ல மனுஷி. "எனக்கே நம்ப முடியலம்மா. ஆனா ஆர்வம் இல்லாத பிள்ளைய உள்ள தள்ளக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவளா வந்து மாத்தி எழுதினா உண்டு" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளைத் திட்டித் தீர்த்தேன். அப்பா அங்கே உயிரைக் கொடுத்து உழைப்பது யாருக்காக என்று கேட்டேன். அதற்கு அவள், "இன்ஜினியர் ஆனா அப்பா மாதிரி போயிடணும்ல? எனக்கு மெஷின் பிடிக்கும்மா. அந்த வேலைதான் வேண்டாம்" என்றாள்.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கப்போவதாகப் போனில் சொன்னீர்களே, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள்தான் அந்த ஆய்வு. எனக்கு அது உறைக்கவே இல்லை.

வீட்டிலிருந்தே போய்வருகிற மாதிரி எத்தனையோ வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ அப்பா ஏன் இங்கயே வேலை பாக்கல?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போதும் மெயிலில்தான் வருகிறது.

இந்த இடம் போனால் அவள் வேறு எதையோ படிப்பாள். பிடிக்காததைப் படித்துக்கொண்டு, பிடித்ததுபோல் நம்மிடம் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் அவளிடம் பேசுங்கள். அறிவியலின் பெருமையை எல்லாம் ஆரம்பிக்காதீர்கள், அது அவளுக்குத் தெரியும். எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வர முடியாதென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள், இரண்டு பேரும் தாங்கிக்கொள்வோம். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் முகம் எப்படி ஆகிறது என்று நீங்கள் பார்த்ததில்லை. நான்தான் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி