ரயில் நின்ற பிறகும் ஆடிய கட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறோம். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு என்னைத் தவிர ஒரு குறையும் இல்லை. விஷயம் உன் அறையைப் பற்றியது. பதறாதே, பாதி இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் தொடங்குவதற்குள் உன் அம்மா போனை வாங்கிக்கொள்வாள், அவள் சொன்னால் எல்லாம் என் தப்பு என்று ஆகிவிடும். என் தப்புதான், அதை நானே சொல்லிவிடுகிறேன் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் ஐந்து வருஷமாக ரயில் ஓடாமல் புல் மண்டிக் கிடந்த தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போடுகிறார்கள். பக்கத்து ஊர் வரைக்கும் பதினான்கு கிலோமீட்டர், காரும் பைக்கும் உள்ளே வரக் கூடாதாம். போன மாதம் லாரி வந்து நின்ற அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தண்டவாளத்தை எப்படி வெட்டுகிறார்கள், கழற்றின கட்டைகள் எங்கே போகின்றன, ஜல்லியை மட்டும் ஏன் அள்ளாமல் விடுகிறார்கள் என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் கேட்டேன். ஜல்லிதான் பாதைக்கு அஸ்திவாரமாம், அத்தனை வருஷம் ரயில் ஓடி இறுகின தரையாம் அது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ரயிலால் மேடு ஏற முடியாது என்பதால் அந்தக் காலத்திலேயே மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமமாக்கித்தான் லைன் போட்டிருக்கிறார்கள், அதனால் என்னைப் போன்ற முழங்கால்காரனும் மூச்சு வாங்காமல் பக்கத்து ஊர் போய்விடலாம். இத்தனை வருஷம் ஜன்னலில் நின்று பார்த்தும் அது சமமாகப் போகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வேலைக்காரர்கள் எனக்கு ‘ஏன் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், உன் அம்மாவும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள், சாப்பிடக் கூப்பிடும்போதுகூட.

அங்கே அளக்க வந்த சர்வேயர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், நின்றபடியே சாப்பிடுகிறவள். ரயில்வே நிலத்துக்கு இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் நம்பர் கொத்தியிருக்கும், நம் ஊருக்குள் மட்டும் நாற்பது. பல கற்கள் அவரவர் கொல்லைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்தவன் ஆயிற்றே நான், எந்த வீட்டின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் அவளோடு அலைந்தேன். கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒன்று, செடிகளுக்கு நடுவில் ஒன்று என்று முப்பத்தொன்பது கிடைத்துவிட்டன, பதினேழு மட்டும் இல்லை. நேர்கோடாக இருந்தால் பதினாறையும் பதினெட்டையும் வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம், இது வளைவு, அந்தக் கல் இருந்த இடம் தெரியாமல் கோடு போட முடியாது என்றாள். வளைவில் இருப்பது நம் வீடு என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனாலும் புத்திக்கு எட்டவில்லை.

அன்றைக்கு உன் அம்மா துவைக்கிற கல்லடியில் சோப்பு விழுந்துவிட்டது என்று சத்தம் போட்டாள். எட்டாத மீட்டரைப் பார்ப்பதற்கென்று குச்சியில் கட்டின ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருந்தேனே, அதையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தரையில் படுத்துக் கல்லுக்கு அடியில் நீட்டினேன். சோப்பு தெரிந்தது. அதற்கு மேலே, கல்லின் அடிப்பக்கத்தில், எழுபத்தொன்று என்று கொத்தியிருந்தது. நல்லவேளை இது பதினேழு இல்லை, வேறு ஏதோ கல் என்று ஒரு நிமிஷம் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நம் ஊரில் மொத்தமே நாற்பது கல்தான் என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. அப்புறம் பார்த்தால் அந்த ஏழு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி திருப்பிக் காட்டும் என்பது முப்பத்தொரு வருஷம் அதே கண்ணாடியைப் பிடித்தவனுக்கு மறந்துபோயிற்று, அல்லது மறக்கவேண்டும்போல இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

நீ தவழ்கிற வயதில் அந்த அறையைக் கட்டினோம். கொத்தனார் கொல்லையில் நட்டிருந்த ஒரு கல்லைப் பிடுங்கி, நல்ல கல், சும்மா நிற்கிறது, துவைக்கப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார், நான் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் ஏன் எதற்கு என்று கேட்கிற நான் அன்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உன் அறை சின்னதாகிவிடும் என்று உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது, இப்போது யோசித்தால் அப்படித்தான் படுகிறது.

இரண்டு நாள் சர்வேயர் பெண்ணிடம் சொல்லாமல் இருந்தேன். “சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் அம்மா. நியாயம்தான், ஆனால் அந்தப் பெண் வெயிலில் கடப்பாரையால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு போவதை நம் ஜன்னலிலிருந்து பார்த்தபோது எனக்குக் காபி இறங்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டிக் காட்டிவிட்டேன். வண்டவாளம் தண்டவாளம் ஏறும் என்பார்கள், நம் வீட்டு வண்டவாளம் தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு ஏறிற்று. கல் சரி, அது எங்கே நின்றது என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. பின்னாலிருந்து அம்மாதான் சொன்னாள், கட்டில் கால் ஆடுகிற இடம் என்று. கட்டிலை நகர்த்தித் தரையைத் தட்டினோம், அந்த இடத்தில் மட்டும் பொத்துப் பொத்தென்று சத்தம். குழியைச் சரியாக இறுக்காமல் மேலே தளம் போட்டிருக்கிறார்கள், நாளாக நாளாக உள்வாங்கிவிட்டது. கல் நின்ற அந்த இடத்துக்கு அப்பால் நம் அறையில் இருந்ததெல்லாம் ரயில்வே நிலமாம்.

நான் காட்டிக்கொடுத்ததில் அம்மாவுக்குக் கோபம். மறுநாள்தான் காரணத்தைச் சொன்னாள். “பாதி ரூம்தான்னு தெரிஞ்சா ஹோட்டல்ல தங்கிக்கறேன்னு சொல்லுவா. அப்புறம் அதுவும் சொல்ல மாட்டா, வரவே மாட்டா” என்றாள். எனக்கும் அந்தப் பயம்தான். நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது பாப்பா. குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனாலும் அந்த அறை முழுசாக இருக்கிறவரைக்கும் நீ வருவாய் என்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் பெருக்கிவைத்துக்கொண்டிருந்தோம்.

போன தடவை நீ கேட்டது நினைவிருக்கிறதா. சின்ன வயதில் கட்டில் ஏன் ஆடுகிறது என்று கேட்டபோதெல்லாம் ரயில் போகிறது, அதனால் ஆடுகிறது என்று சொல்லிவைத்தேன். நீயும் நம்பினாய். மூன்று வருஷம் முன்னால் வந்து படுத்துவிட்டு, “ரயில்தான் நின்னுடுச்சே அப்பா, இன்னும் ஏன் ஆடுது?” என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பிவிட்டுக் கட்டில் காலுக்கடியில் இன்னொரு மடிப்புக் காகிதம் செருகினேன். அதற்குத்தான் இந்தக் கடிதம் பதில். உன்னிடமும் அதே கேட்கிற புத்தி இருக்கிறது, நான் கேட்காமல் விட்டதை நீ கேட்டாய்.

போன வாரம் சுவரை இடித்து ஐந்தரை அடி உள்ளே தள்ளினார்கள். மீதி அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டோம், அலமாரியும் நிற்கிறது, உன் மேஜை மட்டும் கூடத்துக்கு வந்துவிட்டது. புதுச்சுவரில் பாதைப் பக்கம் ஜன்னல் வைக்கட்டுமா கதவு வைக்கட்டுமா என்று கொத்தனார் கேட்டார். ரயில் பக்கம் கதவே கூடாது, குழந்தை தவழ்ந்து போய்விடும் என்று அன்று பிடிவாதம் பிடித்தவள் உன் அம்மாதான், இப்போதும் ஜன்னல் என்பாள் என்று நினைத்தேன். “கதவே வைங்க. அவ எந்தப் பக்கமா வந்தாலும் வரட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, அம்மா இதை மூன்று முறை எழுதச் சொன்னாள், ஒருமுறை எழுதியிருக்கிறேன், மூன்றாக வைத்துக்கொள். பாதை திறக்க இன்னும் நாலு மாதம் ஆகும், லீவு கேட்க அது போதும். எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், நூறு வருஷம் இருக்கவேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உன் கூடவே.

இப்படிக்கு,
உன் அப்பா (எ) ஏன் சார்

பி.கு.: கட்டில் காலுக்கடியில் செருகியிருந்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், பிரித்தால் உன் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுத் தாள். புது இடத்தில் நானும் அம்மாவும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டோம். ஆடவில்லை.