உருளைக்கிழங்கா, மலைப்பாதையா

ஜூன் 10, புதன்

—நீங்களே சொல்லுங்கள் ஆண்டவரே, காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவன் வீட்டில் நான் ஏற்றியது இரண்டே இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு. நம் நிலத்துக் கிழங்கு. பிரான்சில் கிழங்கு கிடைக்காதா என்று என் வீட்டுக்காரர் வோல்ட்டர் கேட்கிறார். கிடைக்கும். வெந்தாலும் மாவாகாமல் சோப்பு மாதிரி வழுக்குகிற கிழங்கு கிடைக்கும். அதையா பிள்ளை பெற்றவளுக்கு மசித்துப் போடுவது? ஆப்பிள் கூழ், வேர்க்கடலை வெண்ணெய், காபித்தூள், ரஸ்க் எல்லாம்தான் வைத்தேன். இதெல்லாம் இல்லாமல் எல்லை தாண்டிய கேரவன் எங்கள் ஊரில் ஒன்று உண்டா?

"இத்தனை வருஷம் கேரவன் இழுத்திருக்கேன், ஹில்லி. இந்தத் தடவைதான் கார் முனகுது."

"கார் முனகலை. நீதான் முனகுறே."

லக்சம்பர்க் தாண்டி ஒரு கேரவன் கேம்பில் இருக்கிறோம். சாயங்காலம் ரூலி போனில் பேசினாள். "அவசரமில்லை பெரியம்மா, மாசக் கடைசின்னுதான் டாக்டர் சொல்றாங்க. ஆனா வந்துடுங்க. என் மாமியார், மாத்தியூவோட அம்மா, நல்லவங்கதான். ஆனா வலி வந்தா நான் நம்ம பாஷையிலதான் கத்துவேன், அவங்களுக்கு ஒண்ணும் புரியாது."

என் தங்கை ஃபெம்மி இறந்துபோனபோது அவள் மகள் ரூலி பள்ளிக்கூடப் பிள்ளை. நாங்கள்தான் வளர்த்தோம். அவள் கத்தும்போது பக்கத்தில் நான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளோ பிரான்சின் அந்தக் கோடியில், ஸ்பெயின் எல்லை மலையடிவாரத்தில் போய் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

ஜூன் 11, வியாழன்

டோல் ரோட்டில் போக மாட்டாராம்.

"பாதைக்கு எதுக்குக் காசு? பூமி ஆண்டவரோடது."

"ஆண்டவரா தார் ஊத்தினாரு?"

வரைபடத்தை மடித்து முட்டிக்கடியில் வைத்துக்கொண்டார். நாளைக்கு மலைவழி.

ஜூன் 12, வெள்ளி

கோபத்தில் எழுத்து கோணுகிறது.

பிரான்சின் நடுவில் ஓவெர்ன் மலை. வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பின்னால் ஹாரன் அடிக்கிற பிரெஞ்சுக்காரர்கள். வோல்ட்டர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஏற்றுகிறார். கருகின நாற்றம்.

"என்ன நாத்தம் இது?"

"டிராக்டர்."

"டிராக்டர் அப்பவே திரும்பிப் போயிடுச்சு வோல்ட்டரு."

"அப்போ மாடு."

மாடாம்! பால் கறந்தே கை காய்த்துப்போனவளிடம் சொல்கிறார், மாடு இப்படி நாறும் என்று! அடுத்த வளைவில் எஞ்சின் அலறுகிறது, கார் நகரவில்லை. கேரவன் எங்களைப் பின்னால் இழுக்கிறது. இவர் கைப்பிரேக்கைப் பிடித்துத் தொங்குகிறார். நான் இறங்கி ஓடிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். நான். இந்த முட்டிவலியோட.

நம் நாட்டுக் கேரவன்காரர் ஒருவர் வழியில் இன்னொருவர் நிற்பதைப் பார்த்தால் சும்மா போவாரா? நின்றார். சாக்ஸ் மேல் செருப்பு போட்டவர், நம் நாட்டின் ட்ரென்தே மாகாணத்துக்காரர். குனிந்து மோந்து பார்த்து, "கிளட்ச் தீஞ்சுபோச்சு" என்றார். அத்தோடு போகலாம் இல்லையா? கேரவனுக்குள்ளேயும் தலையை விட்டார். "யம்மாடி! ஊரையே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

வோல்ட்டர் சிரித்தார். சிரித்தார்! நடுரோட்டில, முன்னபின்ன தெரியாத ஆளோட சேர்ந்துகிட்டு, என்னைப் பார்த்து!

மன்னிக்க வேண்டும் என்று தெரியும் ஆண்டவரே. இன்றைக்கு முடியாது.

ஜூன் 13, சனி

மீட்பு வண்டி காரை ஊருக்குள் ஒரு பட்டறையில் இறக்கியது. கேரவனை ஆற்றோரக் கேம்பில் விட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர் கருகின கிளட்ச் தட்டைக் கையில் எடுத்துக் காட்டி நிறையப் பேசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கேரவன் இருக்கும் பக்கம் கை காட்டினார், மலையையும் காட்டினார்.

"பாத்தியா? கிழங்குன்னு சொல்றார்."

"மலையைக் காட்டினது உன் கண்ணுல படலியா?"

புதுத் தட்டு வந்து மாட்ட செவ்வாய்க்கிழமை ஆகும். வெளிநாட்டில் வண்டி நின்றுபோனால் உதவுகிற நம் நாட்டு அலாரம் மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மாற்றுக் கார் நாளை காலை வரும், ஆனால் கேரவனை மாட்டக் கொக்கி இருக்காது, கேரவன் இங்கேயே நிற்கட்டும் என்றாள்.

"திங்கக்கிழமை அனுப்பும்மா."

"திங்கக்கிழமை அது வேற குடும்பத்துக்குப் போயிடும் மேடம்."

"நாங்க ஞாயித்துக்கிழமை பயணம் பண்றதில்லை."

"ஏன் மேடம்?"

ஏன் என்று கேட்கிறாள்! நம் நாட்டில் பிறந்த பெண்! வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மாசக் கடைசிக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே. வோல்ட்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் போனையே உற்றுப் பார்த்தார். எனக்கு அதுவும் எரிச்சல்.

நாளைக்கு ஆண்டவரின் ஓய்வுநாள், வேலை கூடாது என்பதால் கிழங்கை இன்றைக்கே உரித்துத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

ஜூன் 15, திங்கள்

நேற்று எழுதவில்லை. ஓய்வுநாளில் எழுதுவதில்லை. அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

நேற்று காலை கருப்பு உடுப்புப் போட்டு, தொப்பி வைத்து, ஊர்த் தேவாலயத்து ஆராதனையைக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். பிரசங்கத்தின் நடுவில் மாத்தியூ அழைத்தான். அவனுக்கு நம் மொழி அரைகுறை. "பெரியம்மா. குழந்தை. இன்னிக்கு." பின்னாலிருந்து ரூலி கத்துவது கேட்டது. நம் பாஷையில்.

அதே சமயம் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வோல்ட்டரின் பெயரைப் படித்துச் சாவியை நீட்டினார். நான் வேண்டாம் என்று சொன்ன கார்! சனிக்கிழமை நான் குளிக்கப் போன நேரம் பார்த்து இவர் மறுபடி போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறார்.

"என் முதுகுக்குப் பின்னாடியா?"

"உன் முன்னாடி பேசினா நீ விடமாட்டியே."

"ஓய்வுநாள் வோல்ட்டரு! விடியக்காலை கிளம்புவோம். எங்கப்பா சாகக் கிடந்தப்பகூட எங்க பெரியப்பா திங்கக்கிழமைதான் வண்டி ஏறினார்."

"ஏறி? வந்து என்னத்தைப் பாத்தார்?"

எனக்கு வந்த ஆத்திரம்! தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்தேன். அவர் அதை எடுத்துத் தட்டி, என் கையில் கொடுத்தார்.

"பசு ஞாயித்துக்கிழமை கன்னு போட்டா யாரு முதல்ல ஓடுறது? நீதானே, ஹில்லி. முழங்கை வரைக்கும் கையை விட்டு இழுக்கிறே. அன்னிக்குப் போதகரைக் கேட்டுட்டா போறே? ரூலி பசுவைவிடக் குறைஞ்சவளா?"

நான் தொப்பியை மறுபடி தலையில் வைத்தேன்.

"பாவம்னா என் பேர்ல எழுதிக்கட்டும். நான்தானே ஓட்டறேன். நீ சும்மா உக்காந்துட்டு வா."

சும்மா உட்காருவதாம்! உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டோல் ரோட்டில் போனார், கேட்காமலே. ரூலிக்கென்றால் பையிலிருந்து காசு வருகிறது, என் முட்டிக்கென்றால் வரவில்லை. அவர்மேல் கோபம். பசுவைச் சொல்லி என் வாயை அடைத்ததில் கோபம். உங்கள்மேலும்தான் ஆண்டவரே. வாரத்தில் இத்தனை நாள் இருக்க, ஏன் இந்த நாள்? எனக்குப் பரீட்சை வைக்க அவள் வயிறுதானா கிடைத்தது?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத் தடுத்தாள். உள்ளேயிருந்து ரூலி, "அது என் பெரியம்மா! விடுங்க!" என்று அலறினாள். அதையும் நம் பாஷையிலேதான். நர்ஸுக்கு எப்படிப் புரிந்ததோ, விட்டுவிட்டாள். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று என் கையைப் பிடித்தவள் முடியும்வரை விடவில்லை. விரல் இன்னும் வீங்கியிருக்கிறது.

பெண். ஃபெம்மி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

வோல்ட்டர் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். எழுப்பிச் சொன்னேன். அவ்வளவுதான் பேசினேன். எனக்குத் தெரியாமல் போன் போட்டதை நான் இன்னும் விடவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பட்டறையில் கார் தயாராம். வோல்ட்டர் காலையிலேயே கிளம்பினார், மாற்றுக் காரைக் கொடுத்துவிட்டு எங்கள் காரையும் கேரவனையும் கொண்டுவர. காபி குடித்து முடித்த பிறகும் கோப்பையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்குத் தேதி என்ன, ஹில்லி?"

"உன் கைபேசியில இல்லையா? குழந்தை தூங்குது, கத்தாதே."

அவர் கத்தவில்லை. "சரி, வரேன்" என்று கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். "மலைப்பக்கம் திரும்பினே, தெரியும் சேதி!" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். கையை ஆட்டினார்.

துணி அலசினேன். ரூலிக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். இப்போது இருவரும் தூங்குகிறார்கள். ஊருக்குப் போனதும் முதல் வேலை, எங்கள் ஊர் வழக்கப்படி கழிவறைச் சுவரில் மாட்டியிருக்கும், எல்லார் பிறந்தநாளும் குறித்த நாட்காட்டியில் இவள் பெயரைச் சேர்க்க வேண்டும். ஜூன் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பதினாலு காலிதான். ஃபெம்மி என்று நன்றாகவே எழுதலாம். பதினைந்தும் காலி.

பதினாறில் வோல்ட்டர் பெயர் இருக்கிறது. இன்றைக்கு அவருக்கு அறுபது.