கோரிக்கை அனுப்பப்படவில்லை

ஆடி 28 — 06:10

தோணித்துறை இடைநிலையம், கலிஸ்டோ பகுதி. பணியில்: சேந்தன், பனித்தர ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. மூன்று தொட்டிகளிலும் தண்ணீர் முழுமை. நேற்று வந்த பனிக்கட்டியில் கிருமி இல்லை, உப்பு அளவுக்குள்.

இதைப் படிப்பவர் எங்கிருந்து வருவாரோ தெரியாது. அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த நிலையம் இரண்டு பாதி. ஒன்று கலிஸ்டோவுடையது, அதில் நான் தனியாக இருக்கிறேன். மற்றது கானிமீடுடையது, அதில் ஜெசிந்தா தனியாக இருக்கிறாள். அவள் செடிநோய் ஆய்வாளர். நடுவில் ஒரு கதவு. தண்ணீர் என் பக்கம். கப்பல் வந்து நிற்கும் துறை அவள் பக்கம். வியாழனின் நிலவுகள் எல்லாம் ஒரே வணிகக் கூட்டமைப்பில் இருந்த காலத்தில் கட்டியது. இன்னொரு துறை கட்ட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கலிஸ்டோ கூட்டமைப்பிலிருந்து விலகுகிறது. வாக்கெடுப்பில் மயிரிழையில் விலகல் வென்றது. ஆவணி 30 மாலைக்குள் உடன்படிக்கை எழுதியாக வேண்டும்.

நானும் விலகலுக்குத்தான் வாக்களித்தேன். போன ஆண்டு எங்கள் பனிக்கட்டிக் கப்பல்களைக் கூட்டமைப்பின் தரக்குழு திருப்பி அனுப்பியது. அந்தப் பனியைச் சோதித்துக் கையெழுத்திட்டவன் நான். அதில் ஒரு குறையும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு யாரும் பதில்கூடப் போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து: "போட்டுட்டீங்களா? சரி. தக்காளி பழுத்திருக்கு. அனுப்பவா, இல்ல அதுலேர்ந்தும் விலகிட்டீங்களா?"

அனுப்பச் சொன்னேன்.

ஆவணி 4 — 08:00

கலிஸ்டோ மன்றத்தின் உத்தரவு: பேச்சுவார்த்தை முடியும்வரை நடுக்கதவை மூடி வைக்க வேண்டும். கதவு திறந்திருப்பது நாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம் என்பதற்குச் சாட்சியாகிவிடுமாம்.

மூடினேன். நெடுநாள் திறந்தே கிடந்த கதவு, இழுக்கவே முடியவில்லை. கடைசியில் அவளே அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக் கொடுத்தாள்.

இனி எல்லாப் பேச்சும் ஒலிவழியே.

ஆவணி 12 — 17:30

உடன்படிக்கை எழுதி முடித்தார்கள். மன்றம் தோற்கடித்தது. இரண்டு சொல் மாற்றி மறுபடி கொண்டுவந்தார்கள். மறுபடி தோற்கடித்தது.

முழுவிலகல்காரர்கள் இது விலகலே இல்லை என்று எதிர்த்தார்கள். விலகலே வேண்டாம் என்பவர்கள், இது தோற்றால் மறுவாக்கெடுப்பு வரும் என்று எதிர்த்தார்கள். இருவரும் ஒரே பொத்தானை அழுத்திவிட்டு ஒருவரையொருவர் துரோகி என்றார்கள்.

என் அக்கா அமிர்தகௌரி அந்த மன்றத்தில் இருக்கிறாள். விலகலே வேண்டாம் என்னும் அணி. அழைத்தேன்.

"அந்த உடன்படிக்கையில என்னக்கா குறை?"

"குறை ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா நாங்க கை தூக்கினா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல?"

சின்ன வயதில் பள்ளியில் என்னை அடித்தவனை வீடு தேடிப்போய்க் கேட்டவள் இவள். நேர்மையானவள். அதே குரலில்தான் இதையும் சொன்னாள்.

ஆவணி 17 — 13:00

தலைமைப் பேச்சாளர் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் வந்த வேகத்தில் போனார். மூன்றாமவரை நியமிக்க மன்றத்தில் ஒத்த கருத்து இல்லை. ஆகவே, கானிமீடுக்கு மிக அருகில் இருக்கும் கலிஸ்டோ அதிகாரி என்ற வகையில், பொறுப்புப் பிரதிநிதியாக என்னை நியமித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பனிக்கட்டி.

கலிஸ்டோவின் பெயரில் கோரிக்கை அனுப்பும் விசை இப்போது என் மேசையில். கட்டைவிரல் அளவு. மன்றம் சொல்லாமல் தொடக் கூடாது.

ஆவணி 22 — 18:15

இன்று கானிமீடுக்கு நான் சொன்னவை. காலை: மருந்துக்கு மட்டும் பழைய கூட்டமைப்பு விதி தொடரட்டும். உச்சிப்பொழுது: எதற்கும் தொடர வேண்டாம். மாலை: காலையில் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று கொள்ளவும்.

அவர்கள் பக்கத்தில் இதை வாங்கி அனுப்புவது ஜெசிந்தா.

"சேந்தன், காலையில பேசினது யாரு, இப்ப பேசறது யாரு?"

"ரெண்டுமே கலிஸ்டோ அரசுதான்."

"எந்தக் கலிஸ்டோ?"

முகம் சுட்டது. நல்லவேளை, இடையில் சுவர் இருந்தது.

ஆவணி 30 — 18:00

உடன்படிக்கை இல்லாமலே விலகல் நடைமுறைக்கு வந்தது.

கலிஸ்டோவில் விளக்கேற்றிக் கொண்டாடுகிறார்கள். திரையில் பார்த்தேன். இங்கே யாரும் இல்லை என்பதால் எழுதலாம்: நானும் எழுந்து நின்றேன். கண் கலங்கியது. இனி எங்கள் பனிக்கட்டியை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். வாங்குவது யார் என்று நினைக்கவில்லை.

ஆவணி 31 — 09:20

"செங்கழுநீர்" கப்பலிலிருந்து அவசர அழைப்பு. கானிமீடுப் பண்ணைகளில் வேலை பார்த்த கலிஸ்டோக்காரர்கள், நாற்பத்தொரு பேர், கெடுவுக்கு முன் ஊர் திரும்ப வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பியவர்கள். காற்று வடிதாள் மாற்றாமலே கிளம்பியிருக்கிறார்கள். கடைசி வாரத்தில் வடிதாளுக்கு அவ்வளவு வரிசையாம். வடிதாள் இல்லாவிட்டால் நாம் விடும் மூச்சே நமக்கு நஞ்சு. இருப்பது ஊர்வரை வராது. இங்கே நின்று புதிது போட்டாக வேண்டும்.

கேப்டன் யாக்கோபு பேசினார். நிதானமான மனிதர். "ஒரு நாள் தாங்கும் சார். அதுக்கு மேல சொல்ல முடியாது."

ஜெசிந்தா உடனே ஒலியில் வந்தாள். "துறை காலியா இருக்கு, தாளும் இருக்கு. ஆனா நீங்க இப்ப வெளிநாடு. உங்க அரசு கேட்காம வெளிநாட்டுக் கப்பலை நான் உள்ள விட முடியாது. பழைய விதிப்படி இடம் வேணும்னு ஒரே வரி. உங்க மேசையிலதான இருக்கு அந்த விசை?"

மன்றத்துக்கு அனுப்பினேன். கூடிவிட்டார்களாம். பதில் வரும்.

ஆவணி 31 — 14:40

பதில் வந்தது. கோரிக்கை அனுப்ப வேண்டாம்.

முழுவிலகல்காரர்கள் சொல்வது: விலகிய மறுநாளே பழைய விதியைக் கேட்டால் நாம் விலகவே இல்லை என்று ஆகிவிடும். மறுவாக்கெடுப்புக்கு இனி வழியில்லாமல் போன மற்றவர்கள் சொல்வது: ஒரு கப்பலுக்கு மட்டும் என்று துண்டு துண்டாகக் கேட்கக் கூடாது, முழு உடன்படிக்கையையும் நிறைவேற்றுங்கள், கப்பல் தானாக உள்ளே வரும்.

அக்கா தனியாக அழைத்தாள்.

"தம்பி, கொஞ்சம் பொறு. அவசரப்பட்டு அந்த விசையைத் தொட்டுடாத. இந்தக் கப்பல் அங்க நிக்க நிக்கத்தான் அவங்க இறங்கி வருவாங்க. சாயங்காலத்துக்குள்ள உடன்படிக்கை பாஸ் ஆயிடும், பாரேன்."

"உள்ள ஆளுங்க இருக்காங்கக்கா."

"எனக்குத் தெரியாதா? அவங்களுக்காகவும்தாண்டா சொல்றேன்."

எதிரணியிலும் ஒரு அக்கா இதே சமயத்தில் யாரிடமோ இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

கேப்டனிடம், அனுமதிக்குக் காத்திருக்கிறோம் என்றேன். யாருடைய அனுமதி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆவணி 31 — 19:00

உடன்படிக்கை நிறைவேறவில்லை. விவாதம் தொடர்கிறது.

கப்பல் என் சன்னலில் தெரிகிறது. விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். துரைக்கண்ணு என்ற மெக்கானிக் பின்னறையில் இருந்தபடி பழைய தாள்களைக் கழுவி, ஒட்டி, திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். பின்னறையில்தான் காற்று மிக மோசம். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

ஜெசிந்தா: "கேட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"நீங்க கேளுங்களேன்."

"எனக்கு அதிகாரம் இல்ல ஜெசிந்தா."

"விசை இருக்கு. விரல் இருக்கு."

ஒலியை நிறுத்திவிட்டேன். நானே நிறுத்தினேன்.

புரட்டாசி 1 — 05:30

தூங்கவில்லை. விசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காரணங்கள் நிறைய வந்தன. மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது, நான் இல்லை. நான் அழுத்தினால் ஒரு அணியின் கையாள் என்பார்கள். அக்காவின் பதவி போகும். ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். ஒவ்வொன்றையும் கப்பலைப் பார்க்காமல்தான் நினைக்க முடிந்தது.

கேப்டனின் பேச்சு குழறுகிறது. ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. இப்போது அழவில்லை. தூங்குகிறது என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

துரைக்கண்ணு கூப்பிட்டால் பதில் இல்லையாம்.

புரட்டாசி 1 — 06:50

துறை திறந்தது. நான் எதுவும் அனுப்பவில்லை. ஒலியை மறுபடி போட்டேன். ஜெசிந்தா:

"கோரிக்கை வரல. திறந்துட்டேன். என்ன ஆகுதோ ஆகட்டும். உங்க பக்கக் கதவைத் திறங்க சேந்தன். அதையாவது செய்ங்க."

செய்தேன். கட்டுப்பாட்டறையை விட்டு அவள் நகர முடியாது, மேலேயே இருந்தாள். வழியில் அவள் உருட்டிவிட்ட ஆக்சிஜன் குடுவைகள் கிடந்தன. ஒவ்வொருவராகப் பிடித்து என் பகுதிக்குக் கூட்டிவந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். எத்தனை பேர். எல்லோருமே. நான் வாங்கிக்கொண்டேன்.

குழந்தை பிழைத்தது. நாற்பது பேர் பிழைத்தார்கள்.

துரைக்கண்ணுவைக் கடைசியில் கொண்டுவந்தோம். கையில் பாதி ஒட்டிய தாள். அவர் மனைவி வேதவல்லி அதை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை.

புரட்டாசி 1 — 13:10

ஜெசிந்தா கொடுத்த புதிய தாள்கள் கப்பலில் போட்டாயிற்று. ஆனால் ஊர் அனுமதி இல்லாமல் கிளம்ப முடியாது. விலகலுக்குப் பின் கானிமீடுத் துறையில் நின்ற கப்பலை எந்த விதியில் உள்ளே விடுவது என்று மன்றத்தில் கேள்வி.

பிறகு தீர்மானம் வந்தது. ஒருமனதாக. இத்தனை மாதத்தில் முதல்முறை. தாமதத்துக்குக் கானிமீடு அதிகாரி துறையைத் திறக்க மறுத்ததே காரணம் என்று பொறுப்புப் பிரதிநிதி சான்றளிக்க வேண்டும். அளித்தால் கப்பல் வரலாம்.

அக்காவின் குரலில் களைப்பும் நிம்மதியும். "இதுல மட்டும் எல்லாரும் ஒண்ணாயிட்டோம்டா. அழுத்தலன்னு வெளிய தெரிஞ்சா ரெண்டு பக்கமும் காலி. நீயும்தான். எழுதிக் குடுத்துடு. அந்தப் பொம்பளைக்கு அங்க அவங்க ஆளுங்க இருப்பாங்க, பாத்துப்பாங்க."

புரட்டாசி 1 — 16:00

ஜெசிந்தாவிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மறைக்கவில்லை.

இத்தனை ஆண்டில் முதல்முறையாக நீ என்றாள்.

"எழுதிக் குடு. அத்தனை பேரை நீ எவ்வளவு நாளைக்கு வச்சுச் சோறு போடுவ? உத்தரவு இல்லாம திறந்ததுக்கு எங்க ஆளுங்க எப்படியும் என்னை விசாரிக்கத்தான் போறாங்க. இப்ப திறக்கலன்னும் விசாரிப்பாங்க. பரவாயில்ல."

"ஜெசிந்தா, நான்..."

"மன்னிப்பு மட்டும் கேட்காத. என்னால இப்ப முடியாது."

எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. என் பகுதியில் தங்கியிருப்பவர்கள் ஊர்ச் செய்தியைத் திரையில் பார்க்கிறார்கள். "கதவடைத்த கானிமீடு." யாரோ, மறுபடி மூடியிருந்த நடுக்கதவில் எட்டி உதைத்தார்கள். நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

புரட்டாசி 3 — 10:05

செங்கழுநீர் கிளம்பிவிட்டது. துரைக்கண்ணுவும் அதில்தான். காற்றழுத்தம் சரி. வெப்பம். தண்ணீர் பார்க்கவில்லை.

கானிமீடிலிருந்து விசாரணைக் கப்பல் வருகிறது. ஜெசிந்தாவைக் கூட்டிப்போக. மன்றம் எனக்குப் பாராட்டு அனுப்பியிருக்கிறது. இரு அணியும் கையெழுத்திட்டு.

உண்மையை ஊருக்கு அனுப்பலாம். இப்போதும் முடியும். கப்பலைத் திருப்பிவிடுவார்களோ என்று பயம், ஊர் போய்ச் சேரட்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகு வேறு என்ன சொல்லிக்கொள்வேன் என்றும் எனக்குத்—

10:40

கப்பலிலிருந்து அழைப்பு. கேப்டன் என்று நினைத்தேன். வேதவல்லி.

"சார், உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்னுதான். நீங்க இல்லன்னா எங்க நிலைமை என்ன ஆயிருக்கும்."

சன்னலில் கப்பலைத் தேடினேன்.

"அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே சார், கதவைத் திறக்காம. அவ பேரு என்ன?"

இந்த அலைவரிசை பொது. கானிமீடுப் பகுதியின் சிறுவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நீயே சொல் என்றாவது. சொல்லாதே என்றாவது. மூச்சுச் சத்தம் மட்டும்.

"எதுக்கும்மா பேரு?"

"ஊர்ல எல்லாரும் கேப்பாங்க சார். எம் பிள்ளைங்க கேப்பாங்க, அப்பாவை யாரு சாகவிட்டதுன்னு. பேரு தெரியலன்னு சொல்லவா?"

சொன்னேன்.

"சரியா விழலிங்க சார், இரைச்சலா இருக்கு. இன்னொரு தடவை?"

சிறுவிளக்கு அணைந்தது.

இன்னொரு தடவை, ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாகச் சொன்னேன்.